13 பேருக்கான தானியம்: கார்லைல் எல்லையில் ஒரு தொழுநோய் இல்லம்

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டி இருக்கிறது கார்லைல். 1092-இல் இங்கிலாந்து அரசன் இரண்டாம் வில்லியம் அதைப் பிடித்துக் கோட்டை எழுப்பினான். அரை நூற்றாண்டு போவதற்குள் ஸ்காட்லாந்து அரசன் டேவிட் அதை எடுத்துக்கொண்டான். 1153-இல் அவன் உயிர் பிரிந்ததும் அங்கேதான். 1157-இல் இரண்டாம் ஹென்றி திரும்ப வாங்கினான். இப்படிக் கைமாறிக்கொண்டிருந்த ஊரின் தெற்கு வாசலான பாட்சர்கேட்டுக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில், புனித நிக்கோலஸின் பெயரில் ஒரு தொழுநோய் இல்லம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டு பிறக்கும்போதே அது இயங்கிக்கொண்டிருந்தது. 14ஆம் நூற்றாண்டில் அரசு விசாரணை நடத்தியபோது, இங்கிலாந்து அரசர் ஒருவர் 13 தொழுநோயாளர்களுக்காக இதை நிறுவினார் என்றும், ஆண் பெண் இரு பாலாரும் அதில் அடக்கம் என்றும் உள்ளூர்க்காரர்கள் சாட்சி சொன்னார்கள். இயேசுவும் பன்னிரண்டு சீடர்களும் சேர்ந்த எண்ணிக்கை அது. அந்தக் காலத்து அறநிலையங்களில் 13 அடிக்கடி வரும்.

இடைக்காலத் தொழுநோயாளர் என்றதும் நம் மனதில் வருவது முக்காடு போட்டு, கையில் கட்டை தட்டிக்கொண்டு, ஊர் துரத்த ஓடும் ஓர் உருவம். அந்தப் படம் முழுப் பொய் இல்லை. ஆனால் கார்லைல் இல்லத்தைப் பற்றிய ஆவணங்களில் திரும்பத் திரும்ப வருவது துரத்தல் இல்லை, தானியம். யார் எத்தனை கட்டு தர வேண்டும், யார் தராமல் நிறுத்தினார்கள், வந்ததை யார் தின்றார்கள் என்பதே அங்கே வழக்கு. இந்த இல்லத்தை வாழவைத்ததும் வீழ்த்தியதும் அந்தக் கணக்குதான் என்பது என் உறுதியான எண்ணம். நோயைப் பற்றிய பயத்தை விவரித்து எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மானியம் எப்படி வறண்டது என்று பார்ப்பவர்கள் குறைவு.

முதலில் இடம். ஊருக்கு வெளியே என்றால் கண்காணாத காடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாட்சர்கேட் வழியாகப் போவது ரோமானியர் காலத்திலிருந்தே தெற்கே செல்லும் சாலை. லண்டனிலிருந்து வரும் வணிகர், சிப்பாய், யாத்திரிகர், அரசனின் எழுத்தர் எல்லோரும் அந்த வழியாகத்தான் நகரத்துக்குள் நுழைய வேண்டும். இங்கிலாந்தில் 11ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை 300-க்கும் மேற்பட்ட தொழுநோய் இல்லங்கள் எழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை இதே போலத்தான் அமைந்தன: வாசலுக்கு வெளியே, பாலத்தருகே, நாற்சந்தியில், இரண்டு ஊர் எல்லை சேரும் இடத்தில். பிச்சை விழும் இடம் அதுதான். வாசலுக்குள் நிலம் விலை அதிகம், வெளியே தோட்டம் போட, மாடு கட்ட, கல்லறைத் தோட்டம் ஒதுக்க இடம் கிடைக்கும். இந்த வசதிக்குப் பின்னால் ஓர் ஆபத்தும் இருந்தது. முற்றுகை வந்தால் மதிலுக்கு வெளியே இருப்பதுதான் முதலில் எரியும். எதிரி எரிக்காவிட்டால், எதிரிக்கு மறைவிடம் ஆகக் கூடாதென்று நகரத்தாரே எரித்துவிடுவதும் உண்டு.

உள்ளே என்ன இருக்கும்? சிற்றாலயம்தான் நடுநாயகம். அதைச் சுற்றி ஆரம்ப காலத்தில் தனித்தனிக் குடிசைகள், பிற்பாடு சில இடங்களில் நீண்ட கூடம். கிணறு, களஞ்சியம், சமையற்கட்டு, பீர் வடிக்கும் அறை, தொழுவம், கல்லறை. மருத்துவர் என்று ஒருவர் சம்பளப் பட்டியலில் இருப்பது அரிது. நோயைக் குணப்படுத்த அங்கே யாரும் போகவில்லை. சோறு, கூரை, கதகதப்பு, வழிபாடு, கடைசியில் முறையான அடக்கம் ஆகியவைதான் அந்த இல்லம் தந்த சிகிச்சை. பதிலுக்கு உள்ளே இருப்பவர்கள் மானியம் கொடுத்தவரின் ஆன்மாவுக்காகத் தினமும் ஜெபம் செய்ய வேண்டும். துன்பப்படுகிறவர் செய்யும் ஜெபத்துக்குக் கூடுதல் வலு உண்டு என்று அன்று நம்பினார்கள். நிலத்தை எழுதிவைத்த பிரபுவுக்கு அது வெறும் இரக்கம் மட்டும் இல்லை. தன் மறுமைக்கான முதலீடும் கூட.

இந்த இல்லங்களுக்குச் சட்டப் பிடிமானம் தந்தது 1179-இல் ரோமில் கூடிய மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம். அதன் 23ஆம் விதி இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. பலர் சேர்ந்து வாழும் தொழுநோயாளர்களுக்குத் தனி ஆலயம், தனிக் கல்லறை, தனிப் பாதிரியார் வைத்துக்கொள்ள உரிமை உண்டு. அவர்கள் தோட்டத்து விளைச்சலுக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் தசமபாகம் கேட்கக் கூடாது. அந்த விதியில் குருமாரைக் கண்டிக்கும் தொனியே மேலோங்கி இருக்கிறது: நோயாளிகளைப் பொது ஆலயத்துக்குள்ளும் விடமாட்டீர்கள், தனியாகக் கட்டவும் விடமாட்டீர்களா என்ற கோபம். சொந்தக் கல்லறை என்றால் அடக்கச் செலவுக் காணிக்கை அவர்களுக்கே வரும். பத்தில் ஒரு பங்கு விளைச்சல் வீட்டிலேயே தங்கும். பத்துப் பன்னிரண்டு பேர் வாழும் சிறிய இல்லத்துக்கு இந்தச் சலுகை உயிர்நாடி.

அப்படியானால் யாரைத் தொழுநோயாளர் என்று முடிவு செய்தார்கள்? சொறி பிடித்தவரையெல்லாம் பிடித்து உள்ளே தள்ளினார்கள் என்று சொல்வது பழைய வழக்கம். உண்மை அதைவிட நுணுக்கமானது. 14ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அறுவை மருத்துவர் கி டி ஷோலியாக் உறுதியான அடையாளங்களை வரிசைப்படுத்தினார்: புருவம் தடித்து முடி உதிர்தல், கண்ணும் காதும் உருண்டு போதல், மூக்குத் துவாரம் வெளியே விரிந்து உள்ளே குறுகுதல், குரல் கரகரத்து மூக்கால் பேசுவது போலாதல், மூச்சில் நாற்றம், அசையாத வெறித்த பார்வை. கை கால் மரத்துப் போயிருக்கிறதா என்று ஊசியால் குத்தியும் பார்த்தார்கள். இதோடு இரத்தத்தைத் துணியில் கழுவி மணல் போல ஏதாவது தங்குகிறதா என்று பார்க்கும் சோதனையும் இருந்தது; அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் முகம், குரல், உணர்விழப்பு மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவர் முற்றிய தொழுநோயைத் தவறவிட வாய்ப்பு குறைவு. 1468-இல் பிரெண்ட்வுட் ஊரைச் சேர்ந்த ஜோன் நைட்டிங்கேல் என்ற பெண்மீது அண்டை வீட்டார் தொழுநோய்ப் புகார் கொடுத்தபோது, அரசனின் மருத்துவர்கள் மூன்று பேர் அவரைத் தலை முதல் கால் வரை பரிசோதித்து, அடையாளங்களை ஒவ்வொன்றாக எண்ணி, நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆங்கிலேயச் சட்டத்தில் தொழுநோயாளரை ஊரிலிருந்து அகற்ற ஒரு ரிட் இருந்தது உண்மை. அதே சட்டத்தை விளக்கியவர்கள், தன் வீட்டுக்குள்ளேயே ஒதுங்கி இருப்பவரை அந்த ரிட்டால் தொடக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

கணிப்பு எவ்வளவு சரி என்பதற்கு எலும்பு சாட்சி சொல்கிறது. டென்மார்க்கின் நேஸ்ட்வெத் ஊருக்கு வெளியே இருந்த புனித யோர்கன் இல்லத்தின் கல்லறையை வில்ஹெல்ம் மொல்லர்-கிறிஸ்டென்சன் என்ற மருத்துவர் 1948 முதல் தோண்டினார். மூக்கின் அடியில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய சிறு எலும்பு முள் தேய்ந்திருந்தது. மேல்தாடையில் முன்பற்களைப் பிடித்திருக்கும் விளிம்பு கரைந்திருந்தது. மூக்கெலும்பின் திறப்பு கூர்மை இழந்து வட்டமாகியிருந்தது. கால்விரல் எலும்புகள் சீவிய பென்சில் முனை போல மெலிந்திருந்தன. இந்த மாற்றங்கள் ஒன்றாகச் சேர்ந்து வருவது தொழுநோயில்தான். இங்கிலாந்தின் வின்செஸ்டரில் புனித மக்தலேனா மரியாள் இல்லத்தின் கல்லறையிலும் பெரும்பகுதி எலும்புக்கூடுகளில் இதே அடையாளங்கள். அங்கே ஓர் இளைஞனுடன் யாத்திரிகரின் கிளிஞ்சல் சிப்பி ஒன்றும் புதைக்கப்பட்டிருந்தது. தலைக்கும் தோளுக்கும் ஏற்றபடி அளவெடுத்து வெட்டிய குழிகளும் அந்தக் கல்லறையில் உண்டு. குப்பையாக வீசியவர்கள் செய்யும் வேலை இல்லை இது.

நோயின் இயல்பையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இல்லத்தின் அன்றாட விதிகள் புரியாது. தொழுநோய்க் கிருமி பெருகுவது மிக மெதுவாக. ஒருமுறை இரண்டாகப் பிரியவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். தொற்றி அறிகுறி தெரிய ஐந்து வருஷம் ஆகலாம், இருபதும் ஆகலாம். பெரும்பாலோர் உடம்பு அதை இயல்பாகவே எதிர்த்துவிடும். உடம்பின் குளிர்ந்த ஓரங்களான மூக்கு, காது மடல், விரல், தோலை ஒட்டிய நரம்பு ஆகியவற்றில்தான் அது குடியேறும். நரம்பு செத்தால் வலி தெரியாது. வலி தெரியாத கை சூடான பாத்திரத்தைத் தூக்கும்; வலி தெரியாத கால் கல்லில் நாள் முழுக்க நடக்கும். புண், சீழ், எலும்பு அரிப்பு எல்லாம் அதன் பின்விளைவு. விரல்கள் நோயால் தானாக உதிர்வதில்லை, உணர்வற்ற காயங்களால்தான் சிதைகின்றன என்பதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியது வேலூரில் 1940களின் இறுதியிலிருந்து பால் பிராண்ட் செய்த வேலை. அதை அறிந்து கொண்டு இடைக்கால இல்லத்தின் விதிகளைப் படித்தால், செருப்பு, எண்ணெய்ப் பூச்சு, சலவை, ஓய்வு என்று வரும் வரிகளின் அருமை தெரியும். காரணம் தெரியாமலேயே பல சமயம் சரியானதைச் செய்திருக்கிறார்கள்.

அன்றாட நடப்பை நெருங்கிப் பார்க்க ஷெர்பர்ன் போவதே நல்லது. கார்லைலுக்குக் கிழக்கே, டர்ஹம் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. டர்ஹம் பிஷப் ஹ்யூ டி பியூசே 1181 வாக்கில் 65 தொழுநோயாளர்களுக்காக அதைக் கட்டினார். 13 பேர் கொண்ட ஐந்து குழுக்கள், ஆணும் பெண்ணும். வடக்கே அவ்வளவு பெரிய இல்லம் வேறில்லை எனலாம். அதன் விதிகளில் ஒரு வீட்டுக்காரியின் கவனம் இருக்கிறது.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து மார்க் எடையுள்ள ஒரு ரொட்டி. இன்றைய கணக்கில் ஒரு கிலோவுக்கு மேல். ஒரு காலன், அதாவது நான்கு லிட்டருக்கு மேல், வாற்கோதுமையில் வடித்த லேசான பீர். அது போதைக்கு இல்லை. காய்ச்சிப் புளிக்கவைத்த பானம், வயிற்றை நிரப்பும், சத்தும் உண்டு. வாரத்தில் மூன்று நாள் இறைச்சி, நான்கு நாள் மீன். இரண்டு பேருக்கு ஒரு பாத்திரத்தில் பரிமாறுவார்கள். தவக்காலத்தில் வரும் புனித கத்பர்ட் திருநாளுக்குப் புதிய சால்மன் கிடைத்தால் சால்மன், இல்லாவிட்டால் வேறு புதிய மீன். செப்டம்பர் இறுதியில் மைக்கேல் திருநாளுக்கு நான்கு பேருக்கு ஒரு வாத்து. நோயில் செத்த மாட்டின் இறைச்சியைப் போடக் கூடாது, கெட்டுப்போன ஹெர்ரிங் கருவாட்டைக் கொடுக்கக் கூடாது என்று விதியே எழுதிவைத்திருக்கிறார்கள். அப்படி எழுத வேண்டி வந்தது என்றால், வேறெங்கோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். எங்கே என்றும் சொல்லலாம்: ஸ்காட்லாந்து நகரச் சட்டங்களில், சந்தைக்கு அழுகிய பன்றி இறைச்சியோ சால்மனோ வந்தால் பறிமுதல் செய்து தொழுநோயாளர்களிடம் அனுப்பு என்று இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பிஷப் அதைத் தடுத்து எழுதுகிறார், அந்தப் பக்கம் அதுவே சட்டம். இங்கிலாந்தின் சில ஊர்களிலும் இந்த வழக்கம் இருந்தது என்பதால் ஸ்காட்லாந்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

துணி: வருஷத்துக்கு மூன்று கஜம் கம்பளித் துணி, வெள்ளை அல்லது செம்பழுப்பு, ஆறு கஜம் லினன். தைத்துக் கொடுக்கத் தையற்காரர் இருந்தார். சனிக்கிழமைதோறும் தலை கழுவிவிட வேண்டும். வாரம் இரண்டு முறை துணி துவைக்கச் சலவைக்காரப் பெண்கள் இருவர். பாத்திரங்களைத் தினமும் கழுவ வேண்டும். படுத்த படுக்கையானவர்களைக் கவனிக்க ஒரு பெண். வடக்கு இங்கிலாந்தின் குளிருக்கு எரிபொருள் பெரிய செலவு. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த பீட் கட்டிகள், நவம்பர் தொடங்கி ஈஸ்டர் வரை தினம் நான்கு கூடை. கிறிஸ்துமஸ் அன்று நான்கு பெரிய மரக்கட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு வண்டிச் சுமை. பெரிய திருநாள்களுக்கு முந்தின நாள் படுக்கைக்கும் தரைக்கும் புது வைக்கோல், கோடைத் திருநாள்களில் கோரை.

கண்டிப்பும் உண்டு. ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் தனித்தனி. கீழ்ப்படியாதவரைப் பள்ளிப் பிள்ளையை அடிப்பது போலப் பிரம்பால் அடிக்கலாம், அதற்கும் அடங்காவிட்டால் ரொட்டியும் தண்ணீரும் மட்டும். இதை மென்மையாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நோயாளி துறவி மாதிரி வாழ வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். துறவறத்தை அவர் கேட்டு வாங்கவில்லை. ஆனால் அதே காலத்து விவசாயக் கூலியின் வீட்டில் வாரம் மூன்று நாள் இறைச்சி வெந்திருக்காது என்பதும் கூடவே நினைவில் இருக்க வேண்டும். உள்ளே இருப்பவரை விரட்டிவிடுவது கடும் தண்டனையாக இருந்த இடம் அது. சிறையிலிருந்து வெளியே தள்ளுவதை யாரும் தண்டனை என்று சொல்வதில்லை.

இப்போது கார்லைலுக்குத் திரும்பலாம். இதெல்லாம் நடக்க வேண்டுமானால் வருஷா வருஷம் தானியம் வர வேண்டும். புனித நிக்கோலஸ் இல்லத்துக்கு வந்த வழிகள் பல. சொந்த நிலம் கொஞ்சம். லிட்டில் பாம்ப்டன் கிராமத்துத் தசமபாகத்தில் ஒரு பங்கு. அதற்கு ஈடாக அந்தப் பகுதியிலிருந்து இருவரை எப்போதும் இல்லத்தில் வைத்துப் பராமரிக்க வேண்டும் என்று நிபந்தனை. நோயாளிக்கு இடம் பிடித்துவைக்கும் ஏற்பாடு அது. பிரபு தன் குடிகளுக்காக முன்கூட்டியே இரண்டு படுக்கை வாங்கி வைத்திருக்கிறார். எல்லாவற்றையும்விட முக்கியமானது கதிர்க்கட்டு. கார்லைல் இருந்த கம்பர்லாந்து மாவட்டத்தில் ஒவ்வொரு ஏர் நிலத்துக்கும் இவ்வளவு என்று அறுவடையில் கட்டு கொடுக்க வேண்டும். வடக்கே இதை த்ரேவ் கணக்கில் அளப்பார்கள்: 24 கட்டு ஒரு த்ரேவ். ஒரு ஏர் நிலம் என்பது நூறு ஏக்கரைச் சுற்றி இருக்கும், ஆகவே தனி விவசாயிக்கு இது பெரிய சுமை இல்லை.

சுமை இல்லாததாலேயே இது ஆபத்தான வருமானமும் ஆயிற்று. ஏன் என்று பாருங்கள். பணமாக வரும் குத்தகை ஓரிரு இடத்திலிருந்து வரும், பாக்கி வைத்தால் உடனே தெரியும். கதிர்க்கட்டோ நூற்றுக்கணக்கான வயல்களிலிருந்து, ஒரே மூன்று வாரத்துக்குள், ஈரம் படாமல் சேர்க்க வேண்டியது. வண்டி வேண்டும், ஆள் வேண்டும், எந்த வயல் யாருடையது என்று தெரிந்த ஒருவர் வேண்டும். ஒரு வருஷம் வாங்காமல் விட்டால் மறு வருஷம் கேட்கும்போது "போன வருஷம் யாரும் கேட்கவில்லையே" என்பார்கள். இரண்டு தலைமுறை விட்டால் "எங்கள் நிலத்துக்கு அப்படியொரு கடமையே இல்லை" என்று ஆகிவிடும். நடந்ததும் அதுதான். 14ஆம் நூற்றாண்டில் இல்லத்தார் அரசனிடம் முறையிட்டார்கள்: எங்களுக்குரிய கதிர்க்கட்டைத் தராமல் நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்த வைத்தது போர். 1296 மார்ச்சில் ஸ்காட்லாந்துப் படை கார்லைலைத் தாக்கியபோது நகரம் தீப்பிடித்தது. 1311-க்குப் பிறகு ஸ்காட்லாந்து அரசன் ராபர்ட் புரூஸின் ஆட்கள் அடிக்கடி வடக்கு இங்கிலாந்துக்குள் வந்து மாடுகளை ஓட்டிச் சென்றார்கள், கப்பம் வாங்கினார்கள். 1315 ஜூலையில் புரூஸே நேரில் வந்து கார்லைலை முற்றுகையிட்டான். ஆண்ட்ரூ ஹார்க்லே உள்ளே இருந்து காத்தார். பக்கத்து லேனர்காஸ்ட் மடத்துப் பெயரால் அறியப்படும் வரலாற்றுக் குறிப்பு அந்த நாள்களை விவரிக்கிறது: சுற்றியிருந்த பயிரை மிதித்தழித்தார்கள், மதிலுக்கு வெளியே இருந்த பகுதியைப் பாழாக்கினார்கள், சுற்றுப்பகுதிகளான ஆலர்டேலிலும் கோப்லாந்திலும் இருந்து மாடுகளை வாரிக்கொண்டு வந்தார்கள். மதிலைத் தாக்க இழுத்து வந்த பெரிய மரக் கோபுரம் மழையில் நனைந்த மண்ணில் சிக்கி நின்றுவிட்டது. முற்றுகையைக் கைவிட்டுப் போனார்கள். நகரம் தப்பியது. வாசலுக்கு வெளியே இருந்த இல்லத்துக்கு அந்த மழை உதவவில்லை. ஜூலை என்பது அறுவடைக்குச் சற்று முந்திய நேரம். அதே மழை ஐரோப்பா முழுக்க விளைச்சலை அழுகவைத்து 1315 முதல் 1317 வரை பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்தது. பஞ்சம் தணிவதற்குள் 1319 வாக்கில் மாட்டுக் கொள்ளைநோய். ஏர் ஓட்டிய காளைகளே இல்லாத நாட்டில் ஏருக்கு இத்தனை கட்டு என்று யாரிடம் கேட்பது?

ஒரு சின்ன விலகல். அந்த லேனர்காஸ்ட் குறிப்புதான் 1329-இல் புரூஸ் தொழுநோயால் செத்தான் என்றும் எழுதியது. ஊரைக் கொளுத்தியவனைப் பற்றி எல்லையோரத்து ஆங்கிலேயர் எழுதியது என்பதை மனதில் வைத்தே அதைப் படிக்க வேண்டும். எதிரியின் உடம்பில் நோயை எழுதுவது அன்று எளிய பழிவாங்கல். அது அதே நோயோடு பாட்சர்கேட்டுக்கு வெளியே இருந்தவர்களை எப்படிப் பாதித்தது என்று எழுதியவர் யோசித்திருக்க மாட்டார்.

போருக்கு அடுத்த கேடு நிர்வாகம். இல்லத்தின் தலைவரை நியமிக்கும் உரிமை அரசனிடம் இருந்தது. அரசன் தன் எழுத்தர்களுக்குச் சம்பளத்துக்குப் பதில் இப்படிப்பட்ட பதவிகளைக் கொடுப்பான். நியமிக்கப்பட்டவர் தெற்கே அலுவலகத்தில் இருப்பார், கார்லைலில் ஒரு பதிலாள் இருப்பார், மிச்சமான வருமானம் தெற்கே போகும். இது இந்த ஒரு இல்லத்தின் கதை மட்டும் இல்லை. இங்கிலாந்து முழுக்கத் தொழுநோய் இல்லங்களை அரித்த பூச்சி இது. கூடவே இன்னொரு வழக்கம். நல்ல உடம்புள்ளவர்கள் மொத்தமாகப் பணம் கட்டி ஆயுள் முழுக்கச் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் இடம் வாங்குவார்கள். ஓய்வு பெற்ற அரண்மனை வேலைக்காரர்களை அரசன் அனுப்பிவைப்பான். கட்டிய பணம் கூரை ஒழுகலை அடைக்கச் செலவாகிவிடும். வாங்கியவர் முப்பது வருஷம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவசரத்துக்குப் பணம் வேண்டிய தலைவர் ஒவ்வொருவரும் இந்த வழியைப் பிடித்தார்கள், ஒவ்வொரு முறையும் வருங்காலத்துத் தானியம் இன்றே விற்றுப்போனது.

ஊர்க் கொடுமை இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. எல்லையின் மறுகோடியில் கடலோரம் இருந்த பெரிக் நகரத்தின் வணிகர் சங்கம் 1249-ஐ ஒட்டித் தொகுத்த விதிகளில் ஒன்று: தொழுநோயாளர் வாசலுக்குள் வரக் கூடாது. தெரியாமல் வந்தால் சேவகர் உடனே வெளியே கொண்டுபோய் விட வேண்டும். வேண்டுமென்றே நுழைந்தால் உடுத்தியிருப்பதைக் கழற்றி எரித்து அம்மணமாக வெளியேற்ற வேண்டும். அதே விதி தொடர்ந்து, ஊருக்கு வெளியே அவர்களுக்கு ஓர் இடம் அமைத்து அங்கே பிச்சை கிடைக்க வழி செய்திருக்கிறோம் என்றும் சொல்கிறது. 1346-இல் மூன்றாம் எட்வர்ட் தொழுநோயாளர்களை 15 நாளுக்குள் லண்டனை விட்டு வெளியேற்ற உத்தரவிட்டான். இந்தக் கடுமை எல்லாம் எதை நம்பி நின்றது என்று கவனிக்க வேண்டும்: வெளியே ஓர் இல்லம் இருக்கிறது, அங்கே சோறு கிடைக்கும் என்பதை. அந்தச் சோறு நின்றபோது அந்த விதி வெறும் துரத்தலாக மிஞ்சியது. அதனால்தான் கதிர்க்கட்டைத் தராமல் நிறுத்தியவனை, வாசலில் தடி பிடித்து நின்ற சேவகனைவிடப் பெரிய குற்றவாளியாக நான் பார்க்கிறேன்.

இதற்கிடையில் நோயே குறையத் தொடங்கியது. 14ஆம் நூற்றாண்டு விசாரணையில் கார்லைல் சாட்சிகள் சொன்னது: தொழுநோயாளர்களில் பெரும்பாலோர் காலப்போக்கில் இறந்துபோக, அந்த இடங்களில் ஏழைகளையும் பலவீனர்களையும் வைத்தார்கள். ஷெர்பர்னில் 1434-இல் பிஷப் லாங்லி விதிகளைத் திருத்தியபோது 65 என்ற எண் போய்விட்டது. 13 ஏழைகள், கூடவே இரண்டு தொழுநோயாளர், அதுவும் இந்தப் பகுதியில் அப்படி யாராவது கிடைத்தால். இரண்டரை நூற்றாண்டில் 65 இரண்டாகியிருக்கிறது.

ஏன் குறைந்தது? கிருமி வீரியம் இழந்ததாலா என்பதற்கு 2013-இல் பதில் கிடைத்தது. டென்மார்க், சுவீடன், இங்கிலாந்து ஆகிய நாடுகளின் இடைக்கால எலும்புகளிலிருந்து கிருமியின் முழு மரபணுத் தொகுதியை எடுத்து இன்றைய கிருமியோடு ஒப்பிட்டார்கள். மாற்றம் மிகக் குறைவு. அப்படியானால் மாறியது மனிதர்களும் அவர்கள் வாழ்ந்த விதமும். பல தலைமுறை நோயால் எதிர்ப்பு உள்ளவர்கள் மிஞ்சியது, காசநோய் பரவி அதற்கு எழுந்த எதிர்ப்பு தொழுநோய்க்கும் ஓரளவு பாதுகாப்பு கொடுத்தது, 1348-49 கொள்ளைநோயில் ஏற்கெனவே உடம்பு நலிந்தவர்கள் முதலில் செத்தது, அதன் பின் ஆள்குறைவால் கூலி உயர்ந்து சாப்பாடு மேம்பட்டது என்று பல காரணங்களை ஆய்வாளர்கள் முன்வைக்கிறார்கள். இல்லங்களில் தனித்து வைத்ததால் நோய் ஒழிந்தது என்ற வாதம் எனக்கு வலுவாகப் படவில்லை. அறிகுறி தெரியும் முன்பே பல வருஷம் குடும்பத்தோடு இருந்திருப்பார்கள். உள்ளே வந்த பிறகும் பலர் சாலையில் பிச்சைக்கு உட்கார்ந்தார்கள்.

நோயாளிகள் இல்லாத நோய் இல்லத்தின் நிலம் மட்டும் மிச்சம் இருந்தால் அதன்மீது எல்லோர் கண்ணும் விழும். 1477-இல் நான்காம் எட்வர்ட் புனித நிக்கோலஸ் இல்லத்தை அதன் சொத்துகளோடு கார்லைல் மடத்துக்குக் கொடுத்தான். பதிலுக்கு அரச குடும்பத்துக்கான ஜெபம். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது மடத்தின் சொத்தோடு சேர்ந்து இதுவும் 1541-இல் புதிதாக அமைந்த கார்லைல் பேராலய நிர்வாகத்தின் கைக்குப் போனது. அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் 1644 இறுதி முதல் 1645 ஜூன் வரை டேவிட் லெஸ்லியின் ஸ்காட்லாந்துப் படை கார்லைலைச் சுற்றி வளைத்தது. நகரத்தில் குதிரையையும் நாயையும் தின்ற முற்றுகை அது. எஞ்சியிருந்த கட்டடம் அதில் அழிந்தது.

1990களில் அந்த இடத்தில் தொல்லியலாளர்கள் தோண்டி இல்லத்தின் கல்லறைப் பகுதியை வெளிக்கொணர்ந்தார்கள். லண்டன் சாலையை ஒட்டிய அந்தப் பகுதிக்கு இன்றும் செயின்ட் நிக்கோலஸ் என்றுதான் பெயர். ஷெர்பர்னுக்கு வேறு விதி வாய்த்தது. 1585-இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் அதை ஏழைகளுக்கான அறநிலையமாக மாற்றி அமைத்தார்கள். நிலம் பிரிந்து போகாமல் நின்றது, வருமானம் நின்றது, அந்த அறக்கட்டளை இன்றும் வடகிழக்கு இங்கிலாந்தில் முதியோருக்கும் தேவைப்படுவோருக்கும் உதவிக்கொண்டிருக்கிறது.